நத்தை டாக்டர்

என் தங்கையிடம் யாராவது என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டுவிட்டால் நான் அவசரமாகப் பேச்சை மாற்றப் பார்ப்பேன். ஆராய்ச்சி என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளலாம் இல்லையா? மாட்டாள். ஒருமுறை வீடு நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் பெரியம்மா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"பொம்பளை நத்தைக்கு ஆம்பளை உறுப்பு முளைக்குது பெரியம்மா. அது எவ்வளவு நீளம்னு அளக்கிறேன்."

பெரியம்மாவுக்குப் புரையேறியது. அப்பா தண்ணீர் எடுத்துவரும் சாக்கில் எழுந்து போனவர் திரும்பி வரவே இல்லை. "இதுக்கா இவளை இவ்வளவு படிக்க வச்சோம்?" என்று அம்மா என்னைக் கேட்டாள். என்னமோ நான் படிக்க வைத்த மாதிரி.

விஷயம் இதுதான். துறைமுகத்துப் பாறைகளில் விரல் நுனி அளவுக்கு ஒரு நத்தை இருக்கும். சின்ன வயதில் நானும் அவளும் பாவாடையில் அள்ளிக்கொண்டு வருவோம். அவள் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த காலத்தில் அதே நத்தையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கிடைத்த பெண் நத்தைகள் பலவற்றுக்கும் ஆண் உறுப்பு முளைத்திருந்தது. அது வளர வளர முட்டை வெளியே வரும் வழி அடைபட்டுப் போகும். முட்டைகள் உள்ளேயே தங்கி, தாயும் செத்துப்போகும். கடல் தண்ணீரில் எது கலந்து இப்படி ஆகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. படகின் அடியில் பூசுகிறார்களே, பாசியும், சிப்பி மாதிரி ஓட்டோடு பிடித்துக்கொள்ளும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்க ஒரு பெயிண்ட், அதன்மேல்தான் அவளுக்குச் சந்தேகம்.

உலகத்தில் சந்தேகப்பட அவளுக்கு வேறு சாமானே கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் வைத்திருந்ததே படகுப் பட்டறை. கரையேற்றிய படகைச் சுரண்டி, கழுவி, அந்தப் பெயிண்டைப் பூசி அனுப்புவதுதான் எங்கள் சோறு. அவர் கை பட்ட படகின் அடிப்பக்கம் வருஷக்கணக்கில் மழமழவென்று இருக்கும் என்று துறைமுகம் முழுக்கப் பேர்.

ஆனால் அந்த மனிதருக்குத் தன் மச்சினிச்சி என்றால் உயிர். நத்தை ஓட்டைப் பக்குவமாக உடைக்க எங்கள் பட்டறையில் திருகி இறுக்கும் இரும்புப் பிடியைத்தான் அவள் பயன்படுத்துவாள். இவர் பக்கத்தில் நின்று, "மெதுவா திருகு பாப்பா, உள்ள இருக்கிறவ நசுங்கிடப் போறா" என்பார். துறைமுகத்தில் அவளுக்கு 'நத்தை டாக்டர்' என்று பேர் வைத்ததும் இவர்தான்.

அவளுக்குச் சோதனைக்குப் பலகைகள் தேவைப்பட்டன. பாதிப் பலகைகளில் பெயிண்ட், பாதி வெறும் பலகை. தனித்தனித் தொட்டிகளில் கடல் தண்ணீர் ஊற்றி, பலகையோடு நத்தைகளை விட வேண்டும். வெறும் பலகைத் தொட்டியில் நத்தை நன்றாக இருந்து, பெயிண்ட் தொட்டியில் மட்டும் உறுப்பு முளைத்துக் கெட்டால் பெயிண்ட்தான் குற்றவாளி. "நானே செஞ்சு தர்றேன்" என்று இவர் ஏற்றுக்கொண்டார். இழைத்து, தேய்த்து, துணியில் சுற்றிக் கொடுத்தார்.

எல்லாத் தொட்டியிலும் நத்தைகள் கெட்டுப்போயின. வெறும் பலகைத் தொட்டி உட்பட.

மாதக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டாள். தண்ணீரை மாற்றினாள், தொட்டியை மாற்றினாள், நத்தை பிடிக்கும் பாறையை மாற்றினாள். "பெயிண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா, வேற ஏதாவது எடுத்துக்கோ" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவளைத் தேற்றுகிறேன் பேர்வழி என்று இவர் ஆரம்பித்தார். "நத்தை போனா போகுது பாப்பா. பலகையைப் பாத்தியா? இத்தனை மாசம் தண்ணியில கிடந்தும் வெறும் பலகைல ஒரு பாசி ஒட்டியிருக்கா?"

அவள் நிமிர்ந்தாள். "ஏன் மாமா ஒட்டல?"

"வெறும் மரத்தை எப்படிம்மா தண்ணியில விடுறது? அழுகிடாதா? என் பட்டறைலேர்ந்து போற பலகை. நிறமில்லாத பூச்சு ஒண்ணு இருக்கே, அதை மெல்லிசா ஒரு கை ஓட்டினேன். உனக்குப் பாக்க வெறும் பலகை மாதிரிதான் இருக்கும்."

"அதுலயும் பெயிண்ட்ல இருக்கிற அதே மருந்துதானே?"

"அதே கம்பெனிதான். நான் மட்டமானதையா போடுவேன்?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பார்த்தேன். பாசி ஒட்டாததைப் பார்த்தே கண்டுபிடித்திருக்க வேண்டியவள், நத்தையையே முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள் இடத்தில் நான் இருந்தால் கரண்டியை இவர்மேல் எறிந்திருப்பேன். அவளோ தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். "மெல்லிசா ஒரு கைக்கே இந்தப் பாடா மாமா" என்றாள். இவருக்குத் தான் செய்தது என்னவென்று அப்போதுதான் உறைத்தது. மறுநாளே புதுப் பலகைகள் இழைத்தார். வெறும் பலகைகளை வேறு யாரையாவது எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

இந்த முறை வெறும் பலகைத் தொட்டியில் நத்தைகள் முட்டையிட்டன. பெயிண்ட் தொட்டியில் கெட்டன. அவளுக்கு டாக்டர் பட்டம் வந்தது, வேலை வந்தது. கூடவே துறைமுக நிர்வாகத்திலிருந்து அழைப்பும் வந்தது, படகுக்காரர்களுக்கு முன்னால் வந்து பேச வேண்டுமாம். முந்தின நாள் பட்டறைக்கு வந்தாள்.

"மாமா, நாளைக்கு நான் பேசினா அந்தப் பெயிண்டை நிறுத்திடுவாங்க."

"பொய் சொல்லப் போறியா?"

"இல்ல."

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்குற?"

பெயிண்ட் நின்றால் நத்தை திரும்பி வரும் என்று அவள் கூட்டத்தில் சொன்னாள். பெயிண்ட் நின்றது. அதற்குப் பதிலாக வந்தது ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. பெரிய படகுக்காரர்கள் தடை இல்லாத துறைமுகங்களுக்குப் போனார்கள். எங்கள் பட்டறை கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது. வேலையாட்களை ஒவ்வொருவராக அனுப்பினோம். கப்பலுக்கே பூசிய கை, கடைசியில் வீடு வீடாகப் போய் ஜன்னல் கம்பிக்குப் பூசியது. "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று பக்கத்துப் பட்டறைக்காரர் என் காதுபடச் சொன்னார். நானும் சும்மா விடவில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போனார். ஆனால் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அதெல்லாம்கூடப் போகட்டும். நத்தை வரவில்லை.

வருஷா வருஷம் கடல் உள்வாங்கும் நாளில் அவள் பாறைகளில் தவழ்ந்து தேடினாள். மற்ற பிராணிகளின் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்து எங்கிருந்தாவது வந்து சேரும். இந்த நத்தைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முட்டையிலிருந்து வந்ததும் ஊர்வதுதான். தூரத்துப் பாறையில் பிழைத்தது இங்கே வர எத்தனை காலமோ. அதைக் கூட்டத்தில் சொல்ல மறந்துவிட்டாளா, அவளுக்கே தெரியாதா, நான் கேட்கவில்லை. அவள் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. வந்தாலும் இவர் முகத்தைப் பார்க்க மாட்டாள். பழத்தை வைத்துவிட்டு வாசலோடு போய்விடுவாள். இவரும் அவளை உள்ளே கூப்பிட மாட்டார். அவள் போன பிறகு மட்டும் என்னிடம் கேட்பார்: "நத்தை வந்துச்சாமா?" இரண்டு பேரையும் உட்கார வைத்து நாலு சாத்து சாத்தலாமா என்று எனக்கு வரும்.

இந்த வருஷம் அவளுக்கு ஓய்வு பெறும் வயது. ஒரு காலையில் போன் செய்தாள். நான் எடுத்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை. "மாமாவைக் கூட்டிட்டு வா. தண்ணி ஏறுறதுக்குள்ள."

முட்டிவலிக்காரரைக் கைத்தாங்கலாகப் பாறையில் இறக்கினேன். அவள் வயிறு தரையில் பட, ஒரு இடுக்குக்கு முன்னால் படுத்திருந்தாள், நரைத்த தலையெல்லாம் மணல். நகர்ந்து இடம் கொடுத்தாள். இவரும் முனகிக்கொண்டே மண்டியிட்டுக் குனிந்தார். இடுக்குக்குள் வெளிர் மஞ்சளாக, அரிசி மணிகளை நட்டு வைத்த மாதிரி ஒரு கொத்து. பக்கத்தில் ஒரு நத்தை.

"முட்டையா?"

"முட்டைதான் மாமா."

இவர் வெகுநேரம் பார்த்தார். அவள் பாறையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உங்க பொழைப்பை நான் கெடுத்துட்டேன், இல்லையா மாமா?"

"கெடுத்த. அதுல என்ன சந்தேகம்?" என்றார் இவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இவர் எழ முயன்று, முடியாமல், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்.

"ஒருவேளை நீ சொன்னது தப்பா இருந்துடுமோன்னுதான் பயந்துட்டு இருந்தேன் பாப்பா. பட்டறை போனதை நான் தாங்கிக்கிட்டேன். வீணா போச்சுன்னா தாங்கியிருக்க மாட்டேன்."

அவள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி அழுதாள். தண்ணீர் ஏறுகிறது என்று நான் இரண்டு முறை சொன்னேன். யாரும் என்னைக் காதில் வாங்கவில்லை. நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.