மெம்பரேனுக்குக் கல்வெட்டு கிடையாது

எங்கள் சேவை கிளப்புக்குப் பத்து வருடத் திட்டம் போட பாகூரில் மண்டபம் பிடித்து உட்கார்ந்தோம். பிரியாணி வருவதற்கு முன்னால் ஒரு பாட்டில் தண்ணீர் வந்தது. கொண்டுவந்தவள் சோரியாங்குப்பம் கஸ்தூரி. அந்த ஊரில் கிளப் வைத்த குடிநீர் பிளாண்டைப் பார்த்துக்கொள்பவள்.

தலைவர் தனசேகர் ஒரு மடக்கு குடித்துவிட்டு ஜன்னலோரம் போய்த் துப்பினார்.

"இன்னாம்மா இது, கடல்ல மொண்டுகினு வந்தியா?"

"நீங்க வச்ச கொழாயில புடிச்சதுதாங்க. எங்க புள்ளைங்க இதத்தான் குடிக்குது."

நான் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். மெம்பரேன் போய்விட்டது.

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஊர்களில் தண்ணீர் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டப் பழகி, கடை போட்டு, போர்வெல் வண்டி வாங்கினேன். இந்தப் பக்கத்துக் கரும்புக் கொல்லைகளில் பாதிக்கு மேல் என் வண்டி இறங்கியிருக்கிறது. இன்றைக்கும் ஊரில் எனக்குப் பெயர் மேஸ்திரிதான். அதனால் எனக்குக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மெம்பரேன் என்பது தண்ணீரில் இருந்து உப்பைப் பிரிக்கிற சுருள். நம் பக்கத்து உவர்த் தண்ணீருக்கு அதை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். திறப்பு விழாவுக்குப் பிறகு யாரும் மாற்றவில்லை.

பீரியட்

கிளப்பில் ஒரு தலைவருக்கு ஒரு வருடம். ஜூலையில் புதியவர் கழுத்தில் தலைவர் சங்கிலி ஏறியதும் "என் பீரியட்ல" என்று ஆரம்பிப்பார். பழையவர் செய்ததைத் தொட மாட்டார். அதில்தான் பழையவர் பெயர் போட்ட கல்வெட்டு இருக்கிறதே.

"அது என் பீரியட் பிளாண்ட் இல்லியே மேஸ்திரி" என்றார் தனசேகர்.

அடுத்து தலைவராக வேண்டியவர் முரளி. வில்லியனூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவர் கேட்டார்: "மெம்பரேன் மாத்தினா கல்வெட்ட எங்க வக்கிறது? பைப்பு மேல ஒட்டிக்கலாமா?"

மண்டபமே சிரித்தது. கஸ்தூரி மட்டும் பாட்டிலை மூடிக்கொண்டு நின்றாள்.

நான் மைக்கைப் பிடித்தேன். "பத்து வருஷத்துக்குப் புதுசு எதுவும் வாணாம்பா. இருக்கிறத ஓட்டுவோம். தலைவரு மாறினாலும் மாறாத ஒரு கமிட்டி போடுவோம். இனிமே கல்வெட்டுல கிளப் பேரு மட்டும்தான். ஆளு பேரு கெடையாது."

முதலில் ஒருவர் கை தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். தீர்மானம் நிறைவேறியது. டாக்டர், வக்கீல் எல்லாம் உட்கார்ந்திருந்த சபை அது. அத்தனை பேரும் என் பேச்சைக் கேட்டார்கள். வாழ்க்கையில் நான் துளை போட்ட கிணறுகளை விட இது ஆழம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

அந்த வாரமே என் கையாலேயே புது மெம்பரேனை மாட்டினேன். கஸ்தூரி டீ போட்டுக் கொண்டுவந்தாள். "குடிச்சிப் பாரு மேஸ்திரி. இப்பத்தான் டீ டீயா இருக்குது."

ஜூலை

முரளி பதவியேற்றார். முதல் நிகழ்ச்சியே சோரியாங்குப்பத்தில், பிளாண்டு வாசலில். பட்டுத் துணியை விலக்கினார்கள். பளபளவென்று கருங்கல். 'பத்தாண்டுத் தொலைநோக்குத் திட்டத்தைத் தொடங்கி வைத்தவர்' என்று போட்டு, கீழே முரளி பெயர் பெரிய எழுத்தில்.

"ஆளு பேரு வாணாம்னுதானப்பா தீர்மானம் போட்டோம்?" என்றேன்.

"அது தனசேகர் பீரியட் தீர்மானம் மேஸ்திரி."

சொன்னவர் முகத்தில் கேலி இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார். மாறாத கமிட்டியும் அதே பீரியடோடு போயிற்று. பிளாண்டு சாவியை அவரே வாங்கிக்கொண்டார். "தனி ஆளு கைய வச்சி எதனா ஆச்சின்னா கிளப் பேரு கெட்டுடும்" என்றார். நெட்டப்பாக்கத்தில் புது பிளாண்ட் திறந்தார். நான் போட்ட மெம்பரேன் தேய்ந்து தண்ணீர் மறுபடி உவர்த்தபோது, சோரியாங்குப்பம் பிளாண்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். அவருக்கு அடுத்து வந்தவரிடம் சாவி கேட்டேன். "அது முரளி பீரியட் பூட்டு" என்றார்.

என் சொந்தப் பொறுப்பில் அந்த ஊரில் வேறு பிளாண்ட் போட எனக்குத் தெம்பு இருக்கிறது. போட்டால் அது என் பீரியட். எழுபதைத் தாண்டிவிட்டேன். எனக்கு அப்புறம் அதற்கு மெம்பரேன் மாற்றுகிறவன் யார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு முகமும் தோன்றவில்லை.

கிளப்பில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். திட்டம் போடும்போது திறந்து வைக்கிறவர் யார் என்று கேட்காதீர்கள். அதற்கு ஆள் வரிசையில் நிற்பார்கள். மூன்றாவது தலைவர் வந்த பிறகு கழற்றி மாட்டுகிறவன் யார் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பிரியாணி தின்றுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நான் மாறாத கமிட்டி கேட்டேன். கைதட்டல்தான் வந்தது. அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் அந்தப் பக்கம் வண்டியில் போனேன். பிளாண்டு வாசலில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கஸ்தூரி நின்றிருந்தாள். தனியார் தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்தாள். எங்கள் பேச்சை அவளும் பழகிக்கொண்டுவிட்டாள்.

"ஏன் மேஸ்திரி, எங்க தண்ணி யாரு பீரியட்ல வரும்?"

வண்டியை ஓரம் கட்டக்கூட இல்லை. காது கேட்காதவன் மாதிரி வந்துவிட்டேன்.