வெயிலை மறைத்தவன்

ஒவாதியா ஜெருசலேமைத் தவிர வேறொன்றையும் வரைந்ததில்லை. முழு ஊரையும்கூட அல்ல. மதிலுக்குள் யூதர்கள் வாழ்ந்த பகுதியில், தாம் பிறந்து வளர்ந்த குறுகலான சந்து மட்டும்தான். விடிகாலைத் தொழுகை முடிந்து, கையைக் கழுவிய பிறகே தூரிகையைத் தொடுவார். முதல் வெயில் பட்டதும் சுவரின் கல் தேன் நிறமாகிற அந்தக் கால் மணி நேரத்தைப் பார்ப்பதற்காகவே கடவுள் தம்மைப் படைத்தார் என்று உளமார நம்பினார். இப்படிப்பட்ட பக்திமான் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள மனைவி புலிசா இருந்தாள்.

அவருடைய படங்களில் ஆள் கிடையாது. கழுதை நிற்கும், தண்ணீர்க் குடம் இருக்கும், அவ்வளவுதான். மனித உருவம் வரைவது வேதத்துக்கு விரோதம் என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தார். அந்த மனிதர் புகைப்படக்காரனை வாசலில்கூட நிற்க விட்டதில்லை. ஒவாதியாவும் விட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டுப் போரில், மதிலை எதிரிகள் முற்றுகையிட்டிருந்தபோது, அவர்களுடைய ஒரே மகன் ரஹமீம் தண்ணீர் கொண்டுபோகும்போது குண்டு விழுந்து செத்தான். பத்தொன்பது வயது. மதிலுக்குள்ளேயே அவசரமாகப் புதைத்தார்கள். சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவன் முகம் பதிந்த ஒரே காகிதம் அதுதான். சில நாளில் அந்தப் பகுதி எதிரிகள் கைக்குப் போனது. மிஞ்சியவர்களை வெளியேற்றினார்கள். ஊர் இரண்டாகி நடுவில் முள்வேலி வந்தது. பிள்ளையின் குழிக்குப் போய் வழக்கப்படி ஒரு கல் வைக்கவும் வழியில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம், கத்தமோன் பகுதியில் யாரோ விட்டுவிட்டு ஓடிய வீட்டில் இவர்களுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்து, ஒவாதியா நினைவிலிருந்தே அந்தச் சந்து முழுவதையும் வரைந்தார். ஒரு விரிசல்கூடத் தப்பவில்லை. பழைய அண்டை வீட்டுக்காரர்கள் வந்து, தங்கள் ஜன்னலைத் தொட்டுக் காட்டி அழுதார்கள். அழட்டும் என்றுதான் அவரும் இருந்தார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மகனின் இரண்டாம் வருட நினைவு நாளில் புலிசா எண்ணெய் விளக்கை ஏற்றிவிட்டுப் படத்தின் முன் நின்றாள்.

"இந்த மூணாவது படியில உக்காந்துதான் செருப்பு மாட்டுவான். படி இருக்கு. என் புள்ளை எங்கங்க?"

மனித உருவம் வரைய வேதம் விடாது என்றார் அவர். அவள் கோபப்படவில்லை.

"கண்ண மூடினா முகம் கரைஞ்சு கரைஞ்சு போவுது. எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஒரு விரிசலக்கூட மறக்காத மனுஷன். உங்ககிட்ட அவன் பத்திரமா இருப்பான். ஒரே ஒரு தடவை வரைஞ்சு குடுங்க."

மறுநாள் ஒவாதியா, குரு ஹக்காம் மெர்காடோவிடம் போய்க் கேட்டார். செதுக்கின சிலைதான் கூடாது, காகிதத்தில் தட்டையாக வரைவதில் தோஷமில்லை என்று கிழவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பிறகு, எத்தனை வருஷமாக வரைகிறாய் என்று விசாரித்தார். நாற்பது என்றார் ஒவாதியா.

"நாப்பது வருஷத்துல ஒரு தடவை வந்து கேட்டிருக்கலாமேப்பா."

அந்த வார்த்தை வீடு வரைக்கும் கூடவே வந்தது. அனுமதி கிடைத்துவிடுமோ என்று பயந்துதான் கேட்காமல் இருந்தோம் என்பது பாதி வழியில் அவருக்குப் புரிந்தது. ஆள் வந்தால் கல் மறையும். வேதம் அதற்கு ஒரு வசதியான சாக்கு. காலையில் ரஹமீம் படியில் வந்து உட்காரும்போதெல்லாம், "தள்ளிப் போடா, வெயில மறைக்காத" என்று எத்தனை நாள் விரட்டியிருப்பார். அவனும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளிப் போயிருக்கிறான்.

மூன்று வாரம் வரைந்தார். படி வந்தது. செருப்பு, முழங்கால், கழுத்துப் பொத்தான் இல்லாத சட்டை, எல்லாம் வந்தன. கழுத்துக்கு மேல் கை போகவில்லை. கண்ணை மூடினால் சுவரில் விழுந்த நிழல்தான் தெரிந்தது. அது எந்தக் கல்லில் தொடங்கி எந்தக் கல்லில் முடிந்தது என்பதுகூடத் தெரிந்தது. நிழலுக்கு உரியவன் வரவே இல்லை. வெறும் காகிதமாக இருந்த அந்த இடத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

புலிசா காப்பி கொண்டுவந்தாள். முடியும்வரை பார்ப்பதில்லை என்று சொல்லியிருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டே கோப்பையை வைத்தாள்.

"புலிசா," என்றார். "அவன் கண்ணு கறுப்பா, பழுப்பா?"

சாவுச் சேதி வந்த அன்று உட்கார்ந்த மாதிரியே அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பழுப்பு," என்றாள். பிறகு, "பழுப்புன்னுதான் நினைக்கிறேன். நீங்க வரைஞ்சதும் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னு இருந்தேன்" என்றாள்.