வைத்திலிங்கம் சொன்ன சாட்சி

அடிதடி வைத்தி என்றால் நெய்வேலியில் எந்த பிளாக்கிலும் தெரியும். முத்தாண்டிக்குப்பத்துக்காரன். சுரங்கத்தில் பெல்ட்டுக்கு அடியில் சிதறும் நிலக்கரியை அள்ளுகிற கான்ட்ராக்ட் வேலை. பெண்களைக் கேவலமாகப் பேசிய மேஸ்திரியின் பல்லை உடைத்தவன். அவன் பெண்டாட்டி அம்சவல்லியோடு எங்கள் சபைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபோது எங்களுக்குப் பயமாகத்தான் இருந்தது.

சபையில் உறுப்பினராக வேண்டுமானால், ஆண்டவர் தன்னை எப்படி மாற்றினார் என்று எல்லார் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டும். மூப்பர் கருணாகரன் கேள்வி கேட்பார். தேறியவருக்குத்தான் திருவிருந்து, அவர் பிள்ளைக்குத்தான் ஞானஸ்நானம். அது இல்லாமல் செத்த பிள்ளைக்குக் கல்லறையிலும் இடம் கிடையாது. வைத்தி தன் மூத்த மகனை முந்திரித் தோப்பில்தான் புதைத்தான். அடுத்து நோஞ்சானாக ஒரு பெண் பிறந்ததும் சாட்சி சொல்ல எழுந்தான்.

கோபம் போய்விட்டதா என்று கேட்டார் மூப்பர். நாங்களெல்லாம் கூசாமல் பொய் சொல்லித் தேறிய கேள்வி அது.

"இல்லீங்க. அடக்கிக்கினு கீறேன்" என்றான் அந்த மடையன். தேறவில்லை.

எண்பத்தொன்றாம் வருஷம் மூப்பருக்குப் பேரன் பிறந்தான். மூப்பரின் மகன் குடிகாரன், சாட்சி சொல்லாதவன். உடனே விதி இளகிவிட்டது. சாட்சி சொல்லாதவரின் தாய் தகப்பன் உறுப்பினராக இருந்தால் போதும், அவர் பிள்ளைக்கும் ஞானஸ்நானம் உண்டு என்றார்கள். வைத்தியின் அப்பனோ கோயில் வாசலையே மிதிக்காத பண்ணையாள்; அந்தச் சலுகை அவனுக்கு எட்டாது.

பேரனுக்கு ஞானஸ்நானம் முடிந்ததும் வைத்தி தன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனான். மூப்பர் மறுத்தார். அவர் மகன் வைத்தியின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். குழந்தையின் தலை தூணில் மோதி ரத்தம் வந்தது. வைத்தி குழந்தையை அம்சவல்லியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி, அவன் மூக்கில் ஒரே குத்து விட்டான். எலும்பு நொறுங்கியது. அதற்குப் பிறகு கோபம் போன சபையார் அத்தனை பேரும் அவன் மேல் பாய்ந்தார்கள். செருப்பு, குடை, பெஞ்சுக் கால், கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்து அடித்தார்கள். மூப்பர் பித்தளை விளக்குத் தண்டை எடுத்து அவன் வலது கையில் இறக்கினார். மறுபடியும் ஓங்கினார்.

கீழே கிடந்தவன் வாயில் வழிந்த ரத்தத்தைத் துப்பினான்.

"மூப்பரே, ஒங்களுக்குக் கோவம் பூடுச்சிங்களா?"

ஓங்கிய கை அப்படியே நின்றது.

வைத்தியின் கை சரியாகக் கூடவில்லை. வேலையும் போயிற்று. மறுமாதமே சபையில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். இனி சாட்சி வேண்டாம், குழந்தையைக் கொண்டுவரலாம் என்று சொல்ல மூப்பரே குப்பத்துக்கு நடந்து போனார். அம்சவல்லிதான் வாசலுக்கு வந்தாள்.

"பெரியவன் கெடக்கிற தோப்புலயே நாங்களும் கெடந்துக்கிறோங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.