உளுந்துப் பையும் கேமரா வாரும்

கல்யாண வீட்டில் போட்டோகிராபரை அவர் கழுத்தில் தொங்கும் வாரை வைத்துத்தான் எடை போடுவார்கள். கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் தெரிந்தால்தான் பெரிய கேமரா. அந்தப் பவுசுக்காகவே, கேமராவோடு வந்த ஒல்லி வாரை எட்டு வருடம் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். லென்ஸோடு சேர்த்து இரண்டு கிலோ பாரம்.

அச்சன்புதூரில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டும் நேரம் பார்த்து என் வலது கை மரத்துப்போனது. தாலி கட்டிய படம் மூன்றும் கலங்கிவிட்டன. வீடியோவிலிருந்து ஒரு படத்தைப் பிடித்து ஒப்பேற்றினோம். ஸ்டூடியோ முதலாளி அண்ணாச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“ஏம்மா கெடந்து கஷ்டப்படுத? பேசாம கடையில உக்காந்து ஆல்பம் பண்ணு. வெளிவேலைக்கு வேற ஆள் பாக்கேன்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை மணமேடை ஏறியவள் நான், என்னையா உட்காரச் சொல்கிறார்! ஒரு மாதம் தவணை கேட்டேன். கழுத்து நரம்பு அழுந்துகிறது, பாரத்தை அங்கிருந்து இறக்குங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

முதலில் இரண்டு தோளிலும் மாட்டும் தோல் வார் வாங்கினேன். பழைய குற்றாலத்தில் ஒரு ஜோடியைப் படமெடுக்கப் போனபோது சாரலில் ஊறி, நாற்றம் குடலைப் பிடுங்கியது. அடுத்து வாங்கிய நைலான் வார் பட்டுச் சேலைமேல் நிற்கவே மாட்டேன் என்றது.

வேலைக்கு நடுவே சோதித்தால் பிழைப்பு போய்விடும். ஆகவே, துணிப்பையில் இரண்டு கிலோ உளுந்தைக் கட்டி, அடுத்தடுத்து வாங்கிய ஒவ்வொரு வாரிலும் கோத்து, சேலை உடுத்தி, மத்தியானம்வரை வீட்டுவேலை பார்த்தேன். குனிந்து பாத்திரம் துலக்கினேன். கட்டில்மேல் ஏறி ஒட்டடை அடித்தேன். மணமேடையிலும் இந்தக் குனிதலும் ஏறுதலும்தானே!

“எம்மா, தெருவுல பாத்தா சிரிப்பாவ” என்று மகள் தலையிலடித்துக்கொண்டாள். சிரிக்கட்டுமே.

ஆறாவதாக வந்தது, தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காக இறங்கும் நாலு விரல் அகலப் பட்டை. சேலையில் வழுக்காமல் அடியில் சொரசொரப்பான ரப்பர். அன்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், “எக்கா, பையைப் போட்டுக்கிட்டு எங்க கெளம்பிட்டிய?” என்று கேட்டார். அப்போதுதான் உளுந்து தொங்குவதே எனக்கு ஞாபகம் வந்தது. அம்மாடி, இதுதான் என் வார்! கம்பெனி பெயர் ஓர் எழுத்துகூட அதில் இல்லை. போகட்டும்.

தவணை முடிவதற்குள் இலஞ்சி முருகன் கோயிலில் ஒரு முகூர்த்தம். கெட்டிமேளம் என்று குரல் எழுந்ததும் இடுப்பிலிருந்த கேமராவைத் தூக்கினேன். ஐந்து விரலும் சொன்ன பேச்சைக் கேட்டன. பதினோரு படம் எடுத்தேன். பெண்ணின் இமையில் நின்ற நீர்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. என் கையை நானே முத்தமிடலாம் போலிருந்தது.

மறுநாள் அண்ணாச்சி அந்தப் பதினொன்றையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். அடுத்த மாத முகூர்த்தப் பட்டியலை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

“எதுக்கெல்லாம் போவேன்னு நீயே குறிச்சிக்கோம்மா.”

ஒன்று விடாமல் குறித்தேன்.