சண்முகத்தாயின் குட்டிப் பந்தல்

சண்முகத்தாய் வாயைத் திறந்தால் மைக் செட்டே அடங்கிவிடும் என்று தூத்துக்குடி வேளாண் கண்காட்சியில் கேலி பேசுவார்கள். பேசட்டும். அந்தக் கண்காட்சிக்குக் கூட்டம் சேர்ந்ததே அவளுடைய ஆட்டுக்குட்டிகளால்தான். அதை ஒப்புக்கொள்ளத்தான் ஒருவருக்கும் மனசு வராது.

கொரோனா ஓய்ந்தபின் நடந்த முதல் கண்காட்சிக்கு, விளாத்திகுளம் பக்கத்திலிருந்து தன் கன்னி இன ஆடுகளைக் குட்டிகளோடு போட்டிக்குக் கொண்டுவந்தாள். கறுப்பு உடம்பு, முகத்தில் வெள்ளைக் கோடு. பரிசு வேறு யாருக்கோ போனது. ஆனால் உரக்கடையையும் டிராக்டர் கடையையும் விட்டுவிட்டுப் பிள்ளைகள் அவள் குட்டிகளைத் தொடத்தான் முண்டியடித்தார்கள். மறுவருடம் கயிறு கட்டி, "குட்டிகளைத் தொட்டுப் பார்க்கலாம்" என்று பலகை வைத்தார்கள். பிறகு பந்தல் வந்தது, முயல் வந்தது, வாத்துக்குஞ்சு வந்தது, டிக்கெட்டும் வந்தது. எல்லாவற்றையும் ஏலம் எடுத்த பந்தல்காரன் பெர்சியும் வந்தான்.

பெர்சி கெட்டவன் இல்லை. அவனுக்கு எதிலும் வம்பு வரக்கூடாது, அவ்வளவுதான். "தாய் எதுக்கு, குட்டி போதும்" என்றான். அவளும் தலையாட்டிவிட்டாள். நாள் முழுக்கக் குட்டிகள் கத்தின. பொழுது சாய்ந்து வீட்டுக்குக் கொண்டுபோனால், தாய்கள் பால் கட்டி, மடி கல்லாகி, படுக்கவும் முடியாமல் நின்றன. ஒரு குட்டி மறுநாள் எழுந்திரிக்கவேயில்லை. அன்று அவள் அழுத அழுகை அவளுக்குத்தான் தெரியும். இனித் தாயில்லாமல் தன் குட்டி ஒன்றுகூடப் பந்தலுக்குள் போகாது என்று முடிவு கட்டினாள்.

அடுத்த வருடம் தாய்களும் வந்தன. பிள்ளைகளை முட்டவும் செய்தன. அதனால் இந்த வருடம் பெர்சி வாசலிலேயே மறித்தான்.

"யக்கா, போன தடவ ஒரு பிள்ளைய முட்டித் தள்ளிட்டு. அவுக அப்பா என் சட்டையப் பிடிச்சிட்டாரு. குட்டிய மட்டும் உள்ள விடுங்க."

"பெத்ததத் தொட்டா முட்டத்தான் செய்யும். ஒங்க அம்மை சும்மா இருப்பாளாலே?"

"அப்பம் நீங்க வராண்டாம்."

"வரல. போ."

சண்முகத்தாயா வீட்டுக்குப் போவாள்? மைதானத்து வாசலுக்கு எதிரே, புங்கமரத்தடியில், தாயும் குட்டியுமாகக் கட்டிப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விரட்டிப் பார்த்தார். "ரோடு ஒங்க மாமனார் வீட்டுச் சீதனமாய்யா?" என்று கேட்டாள். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

பெர்சி பக்கத்து ஊர் ஆட்டுக்கிடையிலிருந்து வாடகைக்குக் குட்டிகளைப் பிடித்துவந்து பந்தலை நிரப்பினான். மத்தியானம், உப்பளத்து அனல் அடிக்கிற நேரம், அந்தக் குட்டிகளில் ஒன்று துவண்டு விழுந்தது. பாட்டிலில் பாக்கெட் பால் கொடுத்தான், துப்பியது. வேறு வழியில்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்தான்.

அவள் குட்டியைக் கையில் வாங்கினாள். வேறொரு ஆட்டின் குட்டியை எந்த ஆடும் லேசில் சேர்க்காது. தன் ஆட்டை மரத்தோடு சேர்த்து அழுத்தி, ஒரு பின்னங்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காம்பைக் குட்டியின் வாயில் திணித்தாள். ஆடு உதறியது, திமிறியது. அவள் விடவில்லை. குட்டி முதலில் முழித்தது. பிறகு வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது. டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகளெல்லாம் இங்கே சுற்றி நின்றுகொண்டார்கள்.

வயிறு நிறைந்த குட்டி அவள் மடியில் படுத்தது. பெர்சி கையை நீட்டினான்.

"தாங்க யக்கா, பந்தல்ல கூட்டம் நிக்கு."

சண்முகத்தாய் முந்தானையால் குட்டியின் வாயைத் துடைத்தாள்.

"இதோட தாயக் கூட்டிட்டு வாலே. தாரேன்."