போல்ட்டில் இருந்த வேறு நம்பர்

காலை பதினொன்று இருபது. தஞ்சாவூரில் எங்கள் துப்பாக்கிக் கடையை அப்போதுதான் திறந்திருந்தேன். வலங்கைமான் பக்கத்திலிருந்து சரோஜா என்ற அம்மாள், இறந்துபோன கணவரின் ரைபிளை ஒப்படைக்கச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"சீக்கிரம் உள்ள வைங்க சார். வயல்ல பன்னியச் சுடுறேன்னு பையன் குதிக்கிறான். இந்தச் சனியன் வீட்ல இருந்தாத்தானே?"

ஆயுத பூஜைச் சந்தனம் எழுத்துகளில் காய்ந்திருந்தது. டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பேரலில் நம் நாட்டு அரசுத் தொழிற்சாலை முத்திரை, பக்கத்தில் 315 என்ற குழல் அளவு. லைசென்ஸிலும் அதேதான். பாடி நம்பரும் சரி. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடியைத் திருப்பினேன். வேறு நம்பர். அருகே சின்னதாக ஒரு கிரீடம். இங்கிலாந்தில் செய்த பழைய ராணுவ 303 ரைபிளின் போல்ட் அது.

"அக்கா, வீட்ல இன்னொன்னு இருக்கா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பத்தாயத்துல, நெல்லுக்கு அடியில கெடக்கு. மாமனார் காலத்துது. லைசென்ஸ் இல்லீங்க. பூஜைக்கு ரெண்டையும் கழட்டித் தொடச்சு, பொட்டு வச்சு, அவருதான் மாட்டுனாரு."

மாட்டும்போது ஒன்றின் போல்ட் மற்றதில் போய்விட்டது. பத்தாயத்தில் கிடக்கும் துப்பாக்கியைச் சுட்டால் தோட்டாவின் பின்பக்கம் கிழிந்து, சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கலாம். எனக்கும் அப்படி ஒரு மகன் இருக்கிறான்.

அவருடைய போனிலேயே பையனைக் கூப்பிட்டேன். எடுத்தான். பேச்சில்லை. போல்ட்டை இழுத்துத் தள்ளும் சத்தம் மட்டும். டக். மறுபடி டக். அந்தச் சத்தத்தில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சரோஜாவும் பேசவில்லை, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். லைன் அறுந்தது. பிறகு ஸ்விட்ச் ஆஃப்.

பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பிப் பார்க்கச் சொன்னோம். வீடு திறந்து கிடக்கிறது, பத்தாயமும் திறந்து கிடக்கிறது, ஆளைக் காணோம் என்றார். போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பேரலைப் படித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். போல்ட் நம்பரைப் பாருங்கள். இன்றும் என் மகன் போனை எடுத்துவிட்டு ஒரு நொடி பேசாமல் இருந்தால், எனக்கு அந்த டக் கேட்கிறது.

மத்தியானம் வாசலில் பைக் நின்றது. பையன் உள்ளே வந்தான். தோளில் சாக்கில் சுற்றிய பழைய துப்பாக்கி. போல்ட்டைத் தனியே கழற்றிக் கையில் வைத்திருந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவிடம் கேட்டான்.

"ஏம்மா, ஒன் போன்லேர்ந்து அப்பா எப்படிப் பேசுனாரு? 'நம்பரப் பாரு தம்பி'ன்னாரு."