பிளாஸ்டிக் போட்ட மருந்துச் சீட்டு

தாகேதாவில் உள்ள என் கிளினிக்குக்கு அன்று காலை ஊ தங்கவேலுவை அவர் மகள் சாந்தி சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார வைத்துக் கூட்டி வந்தாள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்து நான்கு வயது. முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. பல்ஸ் நூற்று முப்பது. பிரஷர் எண்பதைத் தொடவில்லை.

"ரெண்டு நாளா தார் மாதிரி கறுப்பாப் போகுதாம் சயாமா. எங்ககிட்ட மறைச்சிட்டாரு," என்று அழுதாள் சாந்தி. பெண் டாக்டரை இங்கே பர்மிய மொழியில் சயாமா என்றுதான் கூப்பிடுவார்கள்; பெரியவர் பெயருக்கு முன் ஊ, மற்ற ஆண்களுக்குக் கோ.

வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. டிரிப் போட்டுக்கொண்டே, "என்ன மாத்திரையை முழுங்கித் தொலைச்சீங்க?" என்று கத்தினேன். பதறினால் எனக்குக் குரல் ஏறிவிடும்.

"நீங்க எழுதிக் குடுத்ததுதான் சயாமா. ஒரு நாளும் விட்டதில்ல," என்றார் அவர், மெதுவாக. சட்டைப் பையிலிருந்து லேமினேஷன் செய்த சீட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஆஸ்பிரின், தினம் ஒன்று. கீழே என் கையெழுத்து. எட்டு வருஷத்துக்கு முந்தியது.

ஒரு காலத்தில், மாரடைப்பு வராமலிருக்க என்று ஐம்பது தாண்டியவர்களுக்கு ஆஸ்பிரினைத் தாராளமாக எழுதினோம். பிறகு கைட்லைன் மாறியது. இதய நோயோ பக்கவாதமோ வந்திராத முதியவர்களுக்குத் தடுப்புக்கென்று அதைத் தொடங்க வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்துதான் பெரிது என்றார்கள். நான் அதைப் படித்தேன். ஜூனியர்களுக்கு வகுப்புகூட எடுத்தேன். புதியவர்களுக்கு எழுதுவதை நிறுத்தினேன். பழையவர்களைக் கூப்பிட்டுச் சொல்லத் தோன்றவே இல்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

ஆஸ்பத்திரியில் மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோப்பியில் புண் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார்.

இங்கே மழையில் காகிதம் தாங்காது. அதனால் சீட்டுக்குப் பிளாஸ்டிக் போட்டு, வருஷக்கணக்கில் அதையே கடையில் காட்டி மருந்து வாங்குவார்கள். எனக்கும் தெரிந்த பழக்கம்தான். மறுநாள் அவர் குடியிருக்கும் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், அவர் மருந்து வாங்கும் கடைக்கே போனேன்.

"அது ராசியான சீட்டு சயாமா!" என்றார் கடைக்காரர் கோ மணி. "ஜெராக்ஸ் எடுத்து அவரு வீட்டு வரிசையில நாலு வீட்டுல வச்சிருக்காங்க."

அந்த நாலு பேரையும் நான் பார்த்ததுகூட இல்லை. கோ மணியிடம் விலாசம் கேட்டுக்கொண்டேன். பிறகு நாலு வீட்டுக்கும் நடந்தேன். இதய நோய் எதுவும் வந்திராத மூன்று பேரை நிறுத்தச் சொன்னேன். நாலாவது வீட்டு அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருந்தது. அவர் ஆஸ்பிரினை விடக் கூடாது, தொடரச் சொன்னேன்.

உடம்பு தேறியதும் ஊ தங்கவேலு வந்தார். சீட்டைக் கேட்டேன். அவருக்குக் கொடுக்க மனமில்லை.

"உங்க கையெழுத்து இருக்கு சயாமா. கிழிக்காதீங்க."

"அது இருக்குறதாலதான் கேக்குறேன். குடுங்க."

பிளாஸ்டிக் கையால் கிழியவில்லை. கத்தரிக்கோலால் என் கையெழுத்தின் குறுக்கே வெட்டினேன்.

இளம் டாக்டர்களே, கைட்லைன் மாறியதைப் படித்த அன்றே உங்கள் பழைய நோயாளிகளைக் கூப்பிடுங்கள். சீட்டில் கடைசித் தேதி எழுதுங்கள். நான் எட்டு வருஷம் எழுதாமல் விட்ட வரி அது.